பழைய பாக்கெட் வாட்சுக்குப் பாகம்: ஸ்கிராப் மிஷினா, பழைய ஸ்டாக்கா, கடைந்து செய்வதா?

"இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் கிடைக்குமா?" பழைய பாக்கெட் வாட்சோடு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கும். ஒரே பாகத்தை நாலு வழியில் தேடலாம் என்பதால்தான் குழப்பமே வருகிறது. பாகத்துக்காகவே விற்கப்படும் ஓடாத பழைய மிஷின் ஒன்று; இதை ஸ்கிராப் மிஷின் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்திலேயே கம்பெனி செய்து, உறை பிரிக்காமல் தங்கிவிட்ட பழைய ஸ்டாக் இரண்டாவது. இன்றைக்கும் புதிதாகத் தயாராகிற பொதுப் பாகம் மூன்றாவது. கடைசலில் போட்டுப் புதிதாகச் செய்துகொள்வது நாலாவது.

இதில் எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொன்னால் பதில் சொல்லலாம். இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற நாம் கூடுதலாக இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வாங்குகிற பாகம் இத்தனை வருடம் எந்த ஊர்க் காற்றில் கிடந்தது? விலை பார்க்கும் முன் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் இந்தக் கடிகாரங்கள் இவ்வளவு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் வரை அந்த வழி இருந்தது. மண்டபம், பாம்பன் ரயில்வேக்காரர்கள், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போய்வந்த கீழக்கரை, தொண்டி வியாபாரிகள் என்று பாக்கெட் வாட்ச் வாங்கக் காரணமும் காசும் இருந்தவர்கள் இங்கே நிறைய. வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்கக் கடிகாரங்கள், வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் சுவிஸ் கடிகாரங்கள், டயலில் ரயில் எஞ்சின் படம் போட்ட மலிவான ராஸ்காஃப் வகை. அலமாரி அடியில் இருந்து வெளியே வருவது பெரும்பாலும் இவைதான்.

கெட்டுப்போகிற விதமும் நம் ஊருக்கென்று தனி. வெளியூர்க் கடிகாரம் தேய்ந்து கெடும். நம் ஊர்க் கடிகாரம் ஓடாமல் கிடந்தே கெடும். உப்புக்காற்று பித்தளைத் தகட்டை விட்டுவிட்டு எஃகைத் தின்னும். சாவி கொடுக்கும் பகுதியில் உள்ள நெம்பிகள், திருகுகள், ஹேர் ஸ்பிரிங் (நேரத்தைச் சீராக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருள்) எல்லாம் எஃகு. அதனால் நமக்குத் தேவைப்படுகிற பாகங்களில் பாதி, துருவால் போனவை.

முதலில் அது யாருடைய மிஷின் என்று பாருங்கள்

டயலில் இருக்கும் பெயரை வைத்துப் பாகம் தேடுவது வீண் வேலை. 'பி. ஆர் அண்டு சன்ஸ், மதராஸ்' என்று டயலில் இருந்தால் அது விற்ற கடையின் பெயர். உள்ளே இருக்கும் மிஷினைச் செய்தவர் வேறு. வெஸ்ட் எண்ட் கம்பெனியும் அப்படித்தான். 1886இல் தொடங்கி இந்தியச் சந்தைக்கென்றே கடிகாரம் விற்ற நிறுவனம் அது. மிஷின்களை லாஞ்சின்ஸ் உள்ளிட்ட சுவிஸ் தொழிற்சாலைகளிடம் வாங்கியது.

அமெரிக்கக் கடிகாரம் என்றால் இந்த வேலை சுலபம். பின்மூடியைத் திறந்தால் மிஷின் தகட்டிலேயே வரிசை எண் வெட்டியிருக்கும். அந்த எண்ணை இணையத்தில் உள்ள பட்டியல்களில் போட்டால் மாடல், கிரேடு, அளவு, கல் (அச்சு முனைகளைத் தாங்கும் மாணிக்கக் கல்) எண்ணிக்கை, ஏறக்குறைய எந்த வருடத்தது என்பது வரை வந்துவிடும். கேஸின் மூடியிலும் ஓர் எண் இருக்கும். அது கேஸ் செய்த கம்பெனியின் எண், அதைப் போட்டுத் தேடிக் குழம்ப வேண்டாம். அளவு 18, 16, 12 என்று குறிக்கப்படும். 16 என்றால் மிஷினின் விட்டம் 43.2 மி.மீ., 18 என்றால் 44.9 மி.மீ., 12 என்றால் 39.8 மி.மீ. வால்தத்தில் '1883 மாடல்', '1908 மாடல்' என்பது அந்த வடிவமைப்பு வந்த வருடம். உங்கள் கடிகாரம் அதற்குப் பல வருடம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

சுவிஸ் மிஷினுக்கு டயலைக் கழற்றியாக வேண்டும். டயலுக்கு அடியில் அல்லது பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே சின்ன முத்திரையும் எண்ணும் இருக்கலாம். இல்லாவிட்டால் சாவிப் பகுதியை மூடியிருக்கும் எஃகுத் தகட்டின் உருவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அந்த உருவம் மாறும். தெளிவான ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த வியாபாரியிடம் பேசினாலும் அதைத்தான் கேட்பார்.

ஸ்கிராப் மிஷின்

அமெரிக்கக் கடிகாரத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. வால்தம், எல்ஜின் தொழிற்சாலைகள் ஒரே மாடலின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு இயந்திரத்தில் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. தங்க விலை ஏற ஏற, கேஸை உருக்கப் போட்டுவிட்டு மிஷினைத் தனியாக விற்றார்கள். அதனால் கேஸ் இல்லாத மிஷின்கள் அமெரிக்க விற்பனையாளர்களிடம் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரேயொரு பழைய ஸ்டாக் பாகம் கேட்கும் விலையில் சில சமயம் முழு மிஷினே வந்துவிடும். முழு மிஷின் வந்தால் அதன் திருகுகளும் வருகின்றன. இது சாதாரண லாபம் இல்லை. அந்தந்தத் தொழிற்சாலைக்கென்று மரை அளவு தனி என்பதால் கடையில் போய் அந்தத் திருகைத் தனியாக வாங்க முடியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. ஓபன் ஃபேஸ் என்ற மூடியில்லாத கடிகாரத்தில் சாவிக்குமிழ் 12 மணிக்கு நேரே இருக்கும். ஹண்டர் என்ற மூடி போட்டதில் 3 மணிக்கு நேரே இருக்கும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டின் தகடுகளும் ஒன்றல்ல. உங்களுக்கு வேண்டியது தகடோ, சக்கரங்களை மேலே பிடித்திருக்கும் பாலமோ என்றால் வகை பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று: பெரும்பாலான அமெரிக்கக் கடிகாரங்களில் சாவித்தண்டு கேஸின் கழுத்தில் இருக்கும், மிஷினில் இருக்காது. ஸ்கிராப் மிஷின் படத்தில் தண்டு இல்லையே என்று நல்ல மிஷினை விட்டுவிடாதீர்கள். அதேபோல, உங்களுக்கு வேண்டியதே தண்டு என்றால் மிஷின் வாங்கிப் பயனில்லை; கேஸ்தான் வேண்டும்.

விற்பவர் எழுதியிருப்பதையும் கொஞ்சம் பிரித்துப் படிக்க வேண்டும். 'பேலன்ஸ் தாராளமாக ஆடுகிறது' என்றால் பேலன்ஸ் ஸ்டாஃப் (பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) முனை பெரும்பாலும் உடையாமல் இருக்கும். 'சில நொடி ஓடி நிற்கிறது' என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம். பாகங்கள் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 'சாவி அதிகமாகச் சுற்றிவிட்டதால் நின்றது' என்பார்கள். அப்படி ஒரு பழுதே கிடையாது. முழுச் சாவி ஏறியும் ஓடவில்லை என்றால் வேறெங்கோ சிக்கியிருக்கிறது. மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுத்தால் இறுகி மிஷினை ஓட்டும் சுருள்) உடையவில்லை, சாவிப் பகுதி வேலை செய்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பாகத்துக்காக வாங்குகிறவருக்கு இது நல்ல மிஷின்தான்.

இனி காற்று விஷயம். ஸ்கிராப் மிஷினை நம் கடற்கரையிலேயே தேடுவது இயல்பாகத் தோன்றும். பக்கத்து ஊரில் யார் வீட்டிலாவது ஓடாத கடிகாரம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் கடிகாரத்தில் துருவால் எந்த நெம்பி போனதோ, அந்த வீட்டுக் கடிகாரத்திலும் அதே நெம்பிதான் போயிருக்கும். ஒரே கச்சான் காற்று, ஒரே வாடைக் காற்று, ஒரே உப்பு. பித்தளைச் சக்கரம், தகடு, டயல், கேஸ் வேண்டுமென்றால் உள்ளூர்க் கடிகாரம் சரி. எஃகுப் பாகம் வேண்டுமென்றால் காய்ந்த ஊரிலிருந்து வருவதை வாங்குங்கள்.

படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல மிஷின்களில் திருகுத் தலைகளைச் சூடேற்றி நீல நிறமாக்கியிருப்பார்கள். அந்த நீலம் பளிச்சென்று இருந்தால் மிஷின் ஈரம் பார்க்கவில்லை. கறுத்தும் புள்ளி விழுந்தும் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும், உள்ளே ஹேர் ஸ்பிரிங்கும் அப்படித்தான் இருக்கும். சாவி கொடுக்கும்போது சுழலும் மேல் சக்கரங்களின் பல்லையும் கிட்டத்தில் படம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

எங்கே தேடுவது? கொல்கத்தா ராதா பஜாரும் மும்பை சோர் பஜாரும் பழைய சுவிஸ், ராஸ்காஃப் சரக்குக்குப் பேர்போனவை. வெஸ்ட் எண்ட் கடிகாரத்துக்கு இந்தியாவுக்குள் தேடுவதே சரி, ஏனென்றால் அவை விற்கப்பட்டதே இங்கேதான். ஆனால் அந்த இரண்டு ஊரும் ஈரக் காற்று ஊர்கள் என்பதை மறக்க வேண்டாம். பல கடிகாரங்களின் பாகங்களைக் கலந்து பூட்டி, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, 'ஒரிஜினல்' என்று விற்பதும் சந்தையில் தாராளம். நமக்குப் பக்கத்தில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. காற்று நம்மைவிடக் காய்ந்தது. ஆனால் அங்கே கடிகாரத்துக்குக் கேட்பது அழகுப்பொருள் விலை. உடைத்துப் பாகம் எடுக்க அது கட்டாது. சங்கிலி, கேஸ், மேல் வளையம் தேடுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் பொருள் விலையோடு தபால் செலவும் சுங்க வரியும் சேரும். கூரியர் கம்பெனி தன் கட்டணத்தையும் அதோடு ஒட்டிவிடும். சின்னப் பாகம் ஒன்றை மட்டும் வரவழைத்தால் இந்த உபரிச் செலவு பாகத்தின் விலையைத் தாண்டும். வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கேட்பதுதான் புத்தி.

அதற்குப் பதில் கடிகாரத்தையே வெளிநாட்டுக்குப் பழுதுபார்க்க அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், வரலாற்று மதிப்புள்ள பொருள் ஆகியவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. உங்கள் தாத்தாவின் கடிகாரம் அதில் வருமா வராதா என்று சுங்க அலுவலகத்தில் வாதாடும் நிலைமை எதற்கு? பாகம் இங்கே வரட்டும்.

மெயின் ஸ்பிரிங்: இதை மட்டும் ஸ்கிராப்பில் எடுக்காதீர்கள்

ஸ்கிராப் மிஷின் வாங்கியாயிற்று, அதில் மெயின் ஸ்பிரிங்கும் முழுசாக இருக்கிறது, அதையே போட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். பழைய நீல எஃகு ஸ்பிரிங் பல வருடம் சுருண்டு கிடந்ததில் விறைப்பு இழந்திருக்கும். போட்டால் கடிகாரம் ஓடும். ஆனால் ஒருநாள் முழுக்க ஒரே சீராக ஓடாது. முன்னறிவிப்பு இல்லாமல் உடையவும் செய்யும். உடையும்போது அந்த அதிர்ச்சி, ஸ்பிரிங் அடங்கியிருக்கும் பேரல் என்ற டப்பாவின் பல்லையும் பக்கத்துச் சக்கரத்தையும் சேர்த்து உடைக்கலாம். நம் ஊரில் அந்த ஸ்பிரிங்கில் துருப்புள்ளியும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்றைக்குச் செய்யப்படும் வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்காதவை, எளிதில் உடையாதவை. அமெரிக்கக் கடிகாரங்களுக்கான அளவுகளில் இவை புதிதாகவே கிடைக்கின்றன. கடற்கரைவாசிக்கு இதைவிட நல்ல பேரம் வேறு எந்தப் பாகத்திலும் இல்லை. பழைய ஸ்டாக் என்று உறையோடு விற்கும் நீல ஸ்பிரிங்கை, அது அசல் கம்பெனி உறையாகவே இருந்தாலும், நான் ஒதுக்கிவிடுவேன். உறை பிரிக்காத எஃகும் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

அளவில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அகலம், தடிமன், நீளம், முனையின் வடிவம் என நாலும் பொருந்த வேண்டும். அகலமும் நீளமும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம். தடிமனில் விளையாட முடியாது, ஏனென்றால் ஸ்பிரிங்கின் விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும். 0.20 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.21 போட்டால் தடிமன் 5 சதவீதம்தான் கூடுகிறது. விசையோ ஏறக்குறைய 16 சதவீதம் கூடிவிடும். கடையில் "இது கிட்டத்தட்ட அதேதான் சார்" என்று நீட்டினால் மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு வாங்குங்கள். வெளிமுனையில் துளையா, நாக்கா, டி வடிவமா என்பதைப் பேரலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிராப்பில் வந்த பழைய ஸ்பிரிங் இதற்கு மாதிரியாக உதவும்.

பேலன்ஸ் ஸ்டாஃப்

கீழே விழுந்த கடிகாரத்தில் முதலில் உடைவது இது. பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு; அதன் இரு முனையும் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான். அந்தக் காலத்துக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதிர்ச்சியைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பல வழிகள் உண்மையிலேயே போட்டி போடுவது இந்தப் பாகத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய ஸ்டாக்கில் ஸ்டாஃப் மட்டும் தனியாகக் கிடைக்கும். வாங்குவது சுலபம், பூட்டுவதுதான் கடினம். பழைய ஸ்டாஃபைக் கடைசலில் வெட்டி எடுக்க வேண்டும். சுத்தியால் தட்டி வெளியேற்றினால் பேலன்ஸின் துளை அகன்றுவிடும். புதியதைப் பூட்டியபின் சக்கரம் வளையாமல் சுற்றுகிறதா, எடை ஒரு பக்கம் சாய்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரே மாடலுக்கே முனைத் தடிமன் வேறுபட்ட ஸ்டாஃப்கள் உண்டு. அதனால் கல்லின் துளையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நல்ல கைக்காரர் இருந்தால் இதுவே நேர்மையான வழி. உங்கள் கடிகாரத்தின் சொந்தப் பேலன்ஸ் அதிலேயே இருக்கும்.

கடைந்து செய்வது இதற்கும் மேலே. ஊரில் லேத் பட்டறை இருக்கிறதே, படகு எஞ்சின் ஷாஃப்டையே கடைகிறார்களே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த லேத்தில் 0.1 மி.மீ. முனை வராது. வாட்ச்காரரின் கைப்பிடி அளவு லேத், கடினப்படுத்திப் பதம் பார்த்த எஃகு, முனையைத் தேய்த்து மெருகேற்றும் கருவி, இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு வேலை செய்யத் தெரிந்த ஆள் என்று எல்லாம் சேர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சென்னை, மும்பை போன்ற ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூலி அதிகம், காத்திருப்பு அதைவிட அதிகம்.

ஆக, அமெரிக்கக் கடிகாரமாக இருந்து அதே மாடல், அதே கிரேடு ஸ்கிராப் மிஷின் கிடைத்தால் நான் பேலன்ஸை மொத்தமாக மாற்றச் சொல்வேன். சக்கரம், ஸ்டாஃப், ஹேர் ஸ்பிரிங் மூன்றும் ஒன்றாக வர வேண்டும். ஹேர் ஸ்பிரிங்கை அந்தந்தச் சக்கரத்தோடு சேர்த்துத்தான் தொழிற்சாலையில் சரிசெய்திருப்பார்கள். ஒன்றின் சக்கரத்தோடு இன்னொன்றின் ஸ்பிரிங்கைச் சேர்த்தால், மணிக்கு 18,000 அடிக்க வேண்டிய கடிகாரம் இஷ்டத்துக்கு அடிக்கும். மாற்றியபின் கைபேசியில் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன, அவற்றில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பழைய பேலன்ஸைத் தூக்கிப் போடாமல் ஸ்டாஃப் உடைந்தபடியே வைத்திருங்கள். பிற்பாடு கைக்காரர் கிடைத்தால் அதைத் திரும்பப் பூட்டலாம்.

ஹேர் ஸ்பிரிங்கில் துருப்புள்ளி இருந்தாலும் இதே முடிவுதான். துருவைச் சுரண்டி எடுத்தால் அந்த இடம் மெலிந்து ஓட்டம் மாறிவிடும்.

உள்ளூரிலேயே முடிகிறவை

எல்லாவற்றுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. கண்ணாடி வாட்ச் கடைகளிலேயே கிடைக்கும். கேஸின் வளையத்தை வெர்னியரில் அளந்து, மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு வரை சொல்ல வேண்டும். ஹண்டர் கடிகாரம் என்றால் மெல்லிய கண்ணாடி வேண்டும். தடித்ததைப் போட்டால் மூடி சாத்தும்போது உடையும், அல்லது மூடி சாத்தாது.

மேல் வளையம் தேய்ந்து அறுவது, கீல் விடுவது, கேஸ் நெளிவது எல்லாம் நகைப் பத்தரின் வேலை. இதில் அவர் எந்த வாட்ச்காரரையும்விடக் கெட்டிக்காரர். மிஷினையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். வெள்ளிக் கேஸ் என்றால் வெள்ளிப் பொடி (வெள்ளிப் பற்றாசு) வைத்துத்தான் ஊத வேண்டும், ஈயம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈயம் பட்ட வெள்ளியைப் பிறகு சூடேற்றினால் அது வெள்ளியை அரித்துவிடும்.

பேலட் கல் (சக்கரத்தின் பல்லை ஒவ்வொன்றாகத் தடுத்து விடும் சின்னக் கல்) கழன்றால் அதை ஒட்டுவது அரக்கில். பத்தரிடம் இருக்கும் கறுப்பு அரக்கு கலப்பட அரக்கு, அது ஆகாது. மர பாலிஷ் சாமான் விற்கும் கடையில் அவலரக்கு கேளுங்கள். ஒரு துணுக்கு போதும்.

நம் ஊர்க் கடிகாரங்களில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை, தலை முறிந்து தகட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட துருத் திருகு. தோண்டி எடுக்கப் போனால் மரை போய்விடும், அப்புறம் தகடே வாங்க வேண்டியதுதான். இதற்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் போதும். தகட்டிலிருந்து எஃகுப் பாகம் ஒன்றுவிடாமல் கழற்றிவிட்டு, படிகாரத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, தகட்டைப் போட்டு வெதுவெதுப்பாக வைத்தால் எஃகுத் திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும், பித்தளை நிற்கும். ஒரு சின்ன எஃகுப் பின்னைக் கழற்ற மறந்தாலும் அதுவும் கரையும் என்பதுதான் இதில் ஆபத்து.

முள் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. முதல் உலகப்போர்க் காலம் தொடங்கிச் சில பத்தாண்டுகள் வந்த, இருட்டில் ஒளிரும் முள்ளிலும் டயலிலும் ரேடியம் இருக்கும். ஒளி மங்கிப் பழுப்பாகிவிட்டாலும் கதிரியக்கம் போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஸ்கிராப்பில் அப்படிப்பட்ட முள் இருந்தால் எடுக்காமல் விடுவதே நல்லது.

எந்தக் கடிகாரத்துக்கு இது எதுவும் பொருந்தாது

ராஸ்காஃப் வகை தொழிலாளிக்கென்று மலிவாகச் செய்யப்பட்டது. அதில் கல் பேலட் இல்லை, எஃகுப் பின்தான். தேய்ந்துபோனதற்குப் பாகம் தேடி வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது அர்த்தமற்ற செலவு. அதே வகையில் ஓடுகிற இன்னொரு கடிகாரம் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம். இல்லையென்றால் ஓடாமல் மாட்டி வைக்கலாம், அதில் ஒன்றும் கேவலம் இல்லை.

சாவி தனியாக வரும், உள்ளே சின்னச் சங்கிலி உள்ள பழைய ஆங்கில மிஷின்களின் கதை தலைகீழ். அவை பெரிதும் கையால் இழைத்துப் பொருத்தியவை. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இன்னொன்றின் பாகம் இதில் உட்காராது. இதற்கு ஸ்கிராப் தேடவே வேண்டாம். செய்து போடுவது ஒன்றே வழி, அதற்கு மனமும் பணமும் இருந்தால்.

மிஷினையே மாற்றிப் பேட்டரி மிஷின் போடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், கடிகாரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னும் தயாராகும் யூனிடாஸ் 6497, 6498 போன்ற நல்ல சாவி மிஷினைப் போடலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அதன் விட்டம் 36.6 மி.மீ., 16 அளவு கேஸின் இடமோ 43 மி.மீ.க்கு மேல். வளையம் வைத்து ஒப்பேற்ற வேண்டும், டயல் கால்கள் பொருந்தாது, தண்டு நேராக வராது. இத்தனையும் செய்து முடித்தால் கேஸ் மட்டும்தான் தாத்தாவுடையது.

கீழக்கரைக் கடிகாரம் ஒன்று

கீழக்கரையில் இருந்து எனக்கு வேண்டிய காக்கா (அண்ணன் முறை) ஒருவர் கொண்டுவந்த வால்தம் 16 அளவு, 15 கல். ஸ்டாஃப் முனை உடைசல், மெயின் ஸ்பிரிங் இரண்டு துண்டு, முள் திருப்பும் நெம்பி முழுத் துரு, ஒரு திருகு முறிந்து உள்ளே, கண்ணாடி இல்லை. "வாப்பாவோட வாப்பா கொழும்புல வாங்குனது தம்பி. செலவு ஆவுறது ஆவட்டும், மிஷினை மட்டும் மாத்திடக் கூடாது" என்றார். "மாத்த வேணாம் காக்கா, ஆனா நாலஞ்சு பாகம் வேற மிஷின்ல இருந்து வரும், பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டேன். இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சிலருக்கு ஓடுவது முக்கியம், சிலருக்கு ஒரு திருகுகூட மாறாமல் இருப்பது முக்கியம். இரண்டுக்கும் தேடல் வேறு. அவர் யோசித்துவிட்டு, கழற்றினதை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுத் தன்னிடம் தந்துவிட வேண்டும் என்று சொல்லிச் சரி என்றார்.

அதே மாடல், அதே கிரேடு மிஷின் ஒன்று, திருகு நீலம் மாறாதது, அமெரிக்காவில் இருந்து. கூடவே அதே பொட்டலத்தில் புது வெள்ளை மெயின் ஸ்பிரிங். பேலன்ஸ் முழுதாகவும் நெம்பியும் சில திருகுகளும் அந்த மிஷினில் இருந்து எடுத்தோம். முறிந்த திருகைப் படிகாரம் பார்த்துக்கொண்டது. கண்ணாடி இராமநாதபுரத்துக் கடையில், மேல் வளையம் பத்தரிடம். ஸ்டாஃபை மட்டும் பழைய ஸ்டாக்கில் வாங்கிச் சென்னைக்குக் கொடுத்துப் பூட்டினால் பேலன்ஸ் மாறாமல் இருந்திருக்கும். ஆனால் நெம்பிக்கும் திருகுக்கும் எப்படியும் ஒரு மிஷின் வாங்கத்தான் வேண்டியிருந்தது என்பதால் அந்தச் செலவை அவர் வேண்டாம் என்றார். நெம்பி நன்றாக இருந்து ஸ்டாஃப் மட்டும் போயிருந்தால் நான் பழைய ஸ்டாக் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

பாகம் எடுத்தபின் மிஞ்சுகிற ஸ்கிராப் மிஷினையும் கழற்றிய பாகங்களையும் இந்தக் கடற்கரையில் திறந்து வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. எஃகுப் பாகங்களை லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடேற்றி உலர்த்த வேண்டும். கழற்றிய பழைய கண்ணாடி மஞ்சளாகிப்போன செல்லுலாய்டாக இருந்தால் அதை மட்டும் அந்த டப்பாவில் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கசியும் அமில ஆவி, உப்புக்காற்று விட்டுவைத்த முள்ளையும் திருகையும் துருவாக்கிவிடும்.